அண்ணன் அழித்த குஸ்தி

உதியன்குளங்கரை கிறிஸ்தவ சபையில் மைக்கும் புரொஜெக்டரும் பார்க்கிற சுந்தரதாசுக்கு ரெஸ்லிங் என்றால் உயிர். டிவியில் வந்த குஸ்திகளையெல்லாம் ஒரு வீடியோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். அண்ணன் ஞானதாஸ் அதன் மேலேயே தன் கல்யாணத்தைப் பதிந்துவிட்டு, “தடியன்மாரு கெட்டிப்பொரளுதது ஒரு காரியமாலே?” என்று சிரித்தான்.

இருபத்தைந்து வருடமாக அந்தச் சிரிப்பு சுந்தரதாசின் வயிற்றில் எரிந்தது.

கல்யாண வெள்ளிவிழாவுக்குக் கேசட்டைப் படமாக மாற்றித் தரச்சொல்லி, எல்லாம் மறந்த அண்ணன் அவனிடமே கொடுத்தான்.

விழாவன்று ஆலயத்துத் திரையில் மாப்பிள்ளைக் கோலத்தில் அண்ணன் தாலியை எடுத்துக் குனிந்தான். அடுத்த நொடி, சுந்தரதாஸ் ஒட்டிவைத்திருந்த குஸ்தியில் ஒரு தடியன் இன்னொருவனைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அடித்தான். சபைப் போதகரான ஐயர் உட்பட ஆலயமே சிரித்தது.

“எலே, என் கல்யாணம் எங்கலே?” என்று அண்ணன் பாய்ந்து வந்தான்.

அண்ணன் மனைவியான மைனிக்கும் கேட்கட்டும் என்று, சுந்தரதாஸ் மைக்கிலேயே சொன்னான்: “தாலி கெட்டுதது ஒரு காரியமா அண்ணா?”