நானூறு ரூபாய்க் கடிகாரமும் அரை மணித் தண்ணீரும்

கடிகாரக் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஆறு பேர் சும்மா மணி கேட்க வருகிறவர்கள். மீதி நாலு பேர் நான் சொன்ன மணி சரிதானா என்று சந்தேகம் கேட்க வருகிறவர்கள். ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து பிழைத்தவராக இருந்தால் உங்களுக்கு என் கஷ்டம் விளக்காமலே புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பஜார் தெருவில் நான் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கொஞ்சம் புதுக் கடிகாரமும் விற்றேன். விலை கூடின ஸ்போர்ட்ஸ் வாட்ச் கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. நான் விற்றது ஒன்றே ஒன்று. அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிப் பெட்டியில் ஒரு ராஜா

மதராஸில் நான் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரியிடம் எழுபது ரூபாய்க் கடிகாரம் ஆறு கேட்டால், ஐந்தைக் கொடுத்து ஆறாவதாக இதை என் தலையில் கட்டிவிட்டார். சுவிஸ் சரக்கு. பக்கவாட்டில் இரண்டு பட்டன், முகத்துக்குள் இரண்டு குட்டி முகம். தண்ணீர் புகாது, கீழே விழுந்தாலும் நிற்காது, இருட்டில் எண்கள் பச்சையாக மின்னும். ஓட்டப் பந்தயமும் மோட்டார் பந்தயமும் நடத்துகிறவர்கள் கட்டுவதாம். எங்கள் ஊரில் தினமும் நடந்த ஒரே பந்தயம் வாலாஜாபாத் பஸ்ஸில் இடம் பிடிப்பதுதான்.

விலை நானூறு ரூபாய். அதில் ஒரு ஜோடி உழவு மாடு வாங்கலாம். எட்டு மாதம் அது கண்ணாடிப் பெட்டியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊரே வந்து பார்த்தது, யாரும் தொடவில்லை. வாலாஜாபாத் பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் குனிந்து பார்ப்பார். ஆசைதான் போலிருக்கிறது என்று நினைத்து, தவணையில் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். அவர் நிமிர்ந்து சொன்னது: "இப்ப பஸ்ஸு லேட்டுன்னு மட்டும்தான் தெரியும். இத்தக் கட்டினா எத்தினி செகண்டு லேட்டுன்னு தெரியும். அந்தப் பேஜாரு எனக்கு இன்னாத்துக்கு?"

சொம்புக்குள் சோதனை

கடைசியில் வாங்க வந்தவர் திருப்புலிவனம் ஏகாம்பரம். நிறைய நிலம் உள்ளவர், ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். பெண்ணைக் கொடுத்திருந்த மதராஸ் மாப்பிள்ளை கையில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாமனார் வெறுங்கையோடு நிற்கலாமா?

தண்ணீர் புகாது என்கிறாயே, காட்டு என்றார். எதிர் ஓட்டலில் சொம்பு வாங்கி, தண்ணீர் நிரப்பி, கடிகாரத்தை உள்ளே போட்டேன். அரை மணி நேரம் ஊறட்டும் என்று சொல்லிவிட்டு அவர் நாஷ்டா சாப்பிடப் போய்விட்டார். கடை வாசலில் முப்பது பேர் கூடி சொம்பை எட்டிப் பார்த்தார்கள். எட்டு மாதச் சரக்கு முழுகிக் கிடக்கிறது. ஏகாம்பரம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடியது. அப்போதும் முகத்தில் திருப்தி இல்லை. அவர் சொன்னது: "எல்லாம் சரி. நான் கெணத்துல குதிக்கிற நெலம வந்தா, அப்போ மணியா பாத்துக்கினு இருப்பேன்? சரி, கட்டி வுடு."

நின்றுபோன பெரிய முள்

பத்து நாளில் திரும்பி வந்தார். பெரிய முள் ஓடவே இல்லை, பன்னிரண்டிலேயே நிற்கிறது, ஏமாற்றிவிட்டாய் என்றார். அது மணி காட்டுகிற முள் இல்லை, பந்தயத்துக்குச் செகண்டு எண்ணுகிற முள், அமுக்காதவரை அப்படித்தான் நிற்கும். மேல் பட்டனை அமுக்கினால் புறப்படும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழ் பட்டனை அமுக்கினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஓடின நிமிஷத்தைக் குட்டி முகத்தில் இருக்கிற சின்ன முள் காட்டும். இதையெல்லாம் செய்து காட்டினேன். பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு திருப்புலிவனத்தில் நிமிஷக் கணக்கு இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. கோயில் தீபாராதனை எத்தனை நிமிஷம், மாடு தண்ணீர் குடிக்க எத்தனை நிமிஷம் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். களை எடுக்க வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்தால் அதற்கும் ஒரு அமுக்கு. அவர்களில் ஒருத்தி சந்தைக்கு வந்தபோது என் கடை முன்னால் நின்று, நான்தானே அதை விற்றவன் என்று விசாரித்துவிட்டுச் சொன்னாள்: "நாங்க கஞ்சி குடிக்க பதினோரு நிமிசமாம். அந்த முள்ளையும் ஒரு நாளு எங்ககூட வெயில்ல குனிஞ்சி களை புடுங்கச் சொல்லுண்ணே. அப்புறம் அது எத்தினி நிமிசம் குடிக்குதுன்னு நாங்க பாக்கறோம்."

பத்தரை மணிக்கே முடிந்த வேலை

மாசி மாதம் திருப்புலிவனம் ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. நவரைப் பட்டத்து நெல்லுக்கு முறைத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். எட்டு நாளைக்கு ஒரு தடவை மதகைத் திறப்பார்கள். எங்கள் வாய்க்காலில் பத்துப் பங்கு. பங்குக்கு அரை மணி. பிரித்து விடுகிற நீர்க்கட்டி சின்னப்பன். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. கரையில் ஒரு குச்சியை நட்டு, நிழல் குறிக்குக் குறி நகர்வதைப் பார்த்து மடை மாற்றுவார். காலை எட்டு மணிக்குத் திறந்தால் பகல் ஒரு மணிக்கு முடியும். எங்கள் வாய்க்கால் என்று சொன்னேன் அல்லவா? என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அரை ஏக்கர் கழனி அந்த வாய்க்காலின் கடைசியில் இருந்தது. எங்கள் வீட்டு ஆறு மாதச் சோறு அதிலிருந்துதான் வரவேண்டும்.

இனிமேல் குச்சியும் நிழலும் வேண்டாம், நான் அமுக்குகிறேன் என்றார் ஏகாம்பரம். எல்லோருக்கும் பெருமை. வேறு எந்த ஊரில் நானூறு ரூபாய்க் கடிகாரம் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்? சின்னப்பன் மட்டும், நிழல் இன்னும் பாதிக் குறிதானே வந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாராம். பேசாமல் மடையை மாற்று என்று அவரை அடக்கிவிட்டார்கள். பத்தாவது பங்கும் முடிந்து மதகை மூடியபோது மணி பத்தரை. ஏகாம்பரம் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னது: "பாத்தீங்களா? ஒரு மணி வரைக்கும் இழுத்துக்கினு இருந்த வேல. கெடியாரம் வந்ததும் எம்மாஞ் சுருக்கா முடிஞ்சிது!"

கடைக்கு வந்த மனைவி

என் மனைவி கடைக்கு வருகிற வழக்கம் இல்லை. அடுத்த நாள் கழனியிலிருந்து மூன்று மைல் நடந்து வந்து நின்றாள். பால் பிடிக்கிற பயிர் தலை சாய்ந்து கிடக்கிறது, விட்ட தண்ணீர் வெடிப்புக்குள்ளேயே போய்விட்டது, அடுத்த முறையும் இப்படியே வந்தால் அத்தனையும் பதர்தான் என்றாள். வாய்க்கால் முழுக்க இதே கதை. நேரம் சரியாகத்தான் இருக்க வேண்டும், நானூறு ரூபாய்க் கடிகாரம் ஆயிற்றே. அதனால் சின்னப்பன்தான் மதகு ஷட்டரைச் சரியாகத் தூக்கவில்லை என்று ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறதாம். சின்ன முள் நேராகக் கீழே வந்ததும் அரை மணி ஆயிற்று என்று ஏகாம்பரம் எல்லோருக்கும் காட்டியதையும் சொன்னாள்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. சுவர்க் கடிகாரத்தில் முள் பாதிச் சுற்று வந்தால் அரை மணி. அந்தக் குட்டி முகத்தில் ஒரு முழுச் சுற்றே அரை மணிதான். பாதி என்றால் கால் மணி. எள்ளு மாதிரி எழுத்தில் எண் போட்டிருக்கும். ஏகாம்பரத்துக்கு அது தெரியாது, நாலு பேர் முன்னால் மூக்குக் கண்ணாடி போடவும் மாட்டார். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பட்டனைச் சொன்னேன், முள்ளைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. பத்துப் பங்குக்கும் தண்ணீரை ஒரு நொடி பிசகாமல் பாதியாக்கியிருந்தார்கள். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னது: "ஊருக்கெல்லாம் மணி சொல்றீங்க. நம்ம கழனிக்கு எவ்ளோ நேரம் தண்ணி பாஞ்சிதுன்னு கேட்டா இப்படி முழிக்கிறீங்க."

முதல் எண்ணெய்

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஆனால் ஏகாம்பரத்தை ஊருக்கு நடுவில் முட்டாளாக்கிவிட்டு அந்த வட்டாரத்தில் யார் கடை நடத்துவது? கடிகாரத்தை என் முகத்தில் எறிந்துவிட்டு நானூறைக் கேட்டால் எங்கே போவேன்? பயந்தேன், அவ்வளவுதான். கடைக்காரன் பயந்தால் என்ன செய்வான் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். அடுத்த முறைக்கு முதல் நாள் சைக்கிளில் போய், புதுக் கடிகாரத்துக்கு மூன்றாம் மாதம் முதல் எண்ணெய் போட வேண்டும், போடாவிட்டால் உள்ளே தேய்ந்துவிடும் என்று சொன்னேன். அவர் மனசே இல்லாமல் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் வேறு வழியில்லாமல் சின்னப்பனின் குச்சியை நட்டார்கள். எட்டு மணிக்குத் திறந்த மதகு ஒரு மணிக்கு மூடியது. எங்கள் கழனியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கழனிக்காரர் துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் அலுத்துக்கொண்டார்: "இன்னைக்குன்னு பாத்தா அத்தப் புடுங்கிக்கினு போவ? கெடியாரம் இருந்திருந்தா பத்தரைக்கே வூட்டாண்ட போய்ச் சேந்திருப்போம்."

திருப்பிக் கொடுத்தது

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்? மூன்றாவது முறையும் வருகிறதே. யோசித்து இன்னொரு பொய் தயார் செய்தேன். எண்ணெய் போட்டதில் சின்ன முள்ளுக்கு வேகம் வந்துவிட்டது, முன்பெல்லாம் பாதிச் சுற்று அரை மணி, இனிமேல் முழுச் சுற்று அரை மணி, ஞாபகமாக அப்படியே கணக்கு வையுங்கள் என்றேன். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை என்பதுதான் இப்போது கூசுகிறது.

பயிர் பிழைத்தது. என் பேர் போயிற்று. திருப்புலிவனத்துக்காரர்கள் அன்றிலிருந்து கடிகார ரிப்பேருக்குக் காஞ்சிபுரம் பஸ் ஏறினார்கள். மானாம்பதிக் கல்யாணத்தில் ஏகாம்பரம் என்னைப் பந்தியிலேயே பிடித்துக்கொண்டு, பக்கத்து இலைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது: "பாதி சுத்துல வேலைய முடிச்சிக்கினு இருந்த கெடியாரம். இவன் கையில குடுத்தேன், இப்ப முழு சுத்து சுத்திக்கினு கீது."

களத்துமேட்டில்

அறுப்பு முடிந்தது. ஆறு மாதச் சோறு குவியலாகக் களத்தில் கிடந்தது. நீர்க்கட்டிக்குக் கூலி கிடையாது. களத்தில் ஒவ்வொரு பங்குக்காரரும் நெல் அளந்து போடுவார்கள், அதுதான் அவருக்கு வருஷச் சோறு. முதல் முறையில் ஷட்டரைத் தூக்காமல் ஏமாற்றினான் என்று சொல்லி, அந்த வருஷம் எல்லோரும் சின்னப்பனுக்குப் பாதிதான் போட்டார்கள். ஏகாம்பரம் தொடங்கி வைத்தார், மற்றவர்கள் பின்னாலேயே போட்டார்கள். எதிர்த்துப் பேசச் சின்னப்பனுக்கு வழியும் இல்லை. துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு களம் களமாக வந்தார்.

என் மனைவி முழு அளவு போட்டாள். நான் மனசு கேட்காமல் மேலே இரண்டு மரக்கால் சேர்த்துப் போட்டேன். சின்னப்பன் அந்த இரண்டு மரக்காலை மட்டும் நிதானமாக அள்ளித் திரும்பக் குவியலில் கொட்டினார். ஏகாம்பரமும் மற்ற பங்குக்காரர்களும் பத்தடி தள்ளிப் பேசிக்கொண்டு நின்றார்கள். சின்னப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னது: "நீ எண்ணெயும் போடல, ஒண்ணும் போடலன்னு எனக்குத் தெரியும் நைனா. நெல்லு வேணாம். சின்னப்பன் ஷட்டர சரியாத்தான் தூக்கினான்னு அவங்களாண்ட ஒரு தபா சொல்லு, போதும்."

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. ஆகவே நானூறு ரூபாய்க் கடிகாரம் கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று யாராவது கேட்டால், தாராளமாகத் தகும், எங்கள் இரண்டு பேரில் பொய் சொல்லாதது அதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.