இடப்பக்கம் திறக்கும் குமிழ்

என் வீட்டுக்காரர் கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவர். இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. பர்னரைக் கழற்றி அடைப்பை எடுப்பார், குமிழை இடப்பக்கம் திருப்புவார், சரியாக எரிகிறதா என்று பார்ப்பார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, அடுப்புக்காரர்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். எனக்கு அதில் குறையில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.

அவருக்கு ஒரே தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, சனிக்கிழமை மாலைகளில் ஒரு ஹோட்டலில் வாசிக்கும் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார். அவள் பேர் வாங்கியதே ஒரு மெதுவான பாட்டில்தான். கம்பியைத் தட்டும்போது சத்தமே இருக்காது. தட்டிய கையின் சுண்டுவிரலாலேயே வால்யூம் குமிழைத் திருப்புவாள். ஸ்வரம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மெல்ல எழுந்து வரும். சாப்பிட வந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

போன வருஷம் அந்தச் சுண்டுவிரலில்தான் வெட்டு விழுந்தது. இவருடைய பட்டறையில் ஒரு பெரிய அடுப்பின் மேல்தகட்டை அண்ணனும் தங்கையும் தூக்கினார்கள். இவர் பக்கம் வழுக்கிவிட்டதாம். தகட்டின் விளிம்பு அவள் விரலின் பின்பக்கத்தில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது. ஆனால் விரலை மடக்க முடிகிறது, நீட்ட முடியவில்லை. குமிழில் சத்தத்தைக் கூட்டுவதற்கு விரலை நீட்டித் தள்ள வேண்டும், மடக்கி இழுத்தால் குறையத்தான் செய்யும். மெதுவான பாட்டு கீபோர்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அண்ணனும் தங்கையும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வாரம் குழுத் தலைவர் அவளிடம் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அந்தப் பாட்ட கிட்டார்ல கேக்கறாங்க. உன்னால முடியலன்னா வேற ஆளத்தான் பாக்கணும்." அவள் இதை என்னிடம் மட்டும் சொன்னாள். அதே நேரம் பார்த்துக் குமிழும் கரகரவென்று இரைய ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமை மாலை கிட்டாரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவர் பின்மூடியைக் கழற்றினார். குமிழுக்கு அடியில் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்குள் துப்புரவு மருந்து அடித்துப் பார்த்தார், கரகரப்பு போகவில்லை. ரேடியோ கடையிலிருந்து புதிது வாங்கி வந்தார். அதற்கு மூன்று கால்கள். எந்த ஒயர் எந்தக் காலில் என்று குறித்துக்கொள்ளாமலே பழையதைப் பிடுங்கிவிட்டார். தன் புத்திக்குப் பட்டபடி ஈயம் வைத்து, கம்பியைத் தட்டி, குமிழை இடப்பக்கம் திருப்பினார். சத்தம் ஏறியது. மனுஷனுக்குத் திருப்தி.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. பாடகி பாட வரும் இடத்தில் சத்தத்தைக் குறைக்க அவள் விரலை மடக்கியிருக்கிறாள். கிட்டார் அலறியிருக்கிறது. பாடகி துள்ளிக் குதித்தாளாம். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அண்ணா, இது என்ன அடுப்பா? எந்த ஊர்ல கிட்டார இடப்பக்கம் திறப்பாங்க?"

இவர் ஈயம் வைக்கிற சால்டரிங் கம்பியைச் சூடாக்கினார். மூடியில் கை வைக்கப் போனபோது அவள், "இரு" என்றாள். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, குமிழை அடியோடு குறைத்து, கம்பியைத் தட்டி விரலை மடக்கினாள். சத்தம் வந்தது. ஆனால் பால் பொங்குகிற மாதிரி ஒரேயடியாக வந்தது.

"இத வலப்பக்கமா மாத்தட்டுமா?"

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுவேன். மெதுவா ஏறணும், அத மட்டும் செய்."

அதன்பிறகு மூன்று நாள் அடுப்பெல்லாம் அம்போ. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சீராக ஏறுகிற கண்ட்ரோலைத் தேடிப் போட்டார். இறுக்கம் குறைகிறவரை குமிழ் செருகும் தண்டைத் திருப்பித் திருப்பித் தளர்த்தினார். விரலை அரைகுறையாக மடக்கினாலே நிறையச் சுழல்வதற்காக ஒல்லியான குமிழாகப் பொருத்தினார். குறைப்பதற்கு அவசரமில்லை, உள்ளங்கையால் தள்ளிவிட்டால் போதும் என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் சமையலறையில் நின்று வாசித்துப் பார்த்தாள். ஸ்வரம் பழையபடி ஒன்றுமில்லாததிலிருந்து எழுந்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார்.

"அன்னிக்குத் தகடு வழுக்கல. ஃபோன் அடிச்சுது. ஒரு கைய எடுத்துட்டேன்."

"தெரியும். அடிச்சது எனக்கும் கேட்டுச்சு."

"ஒரு வருஷமா ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். யாரு ஃபோன்ல?"

இவர் என் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு, "யாரோ. அடுப்பு வேலைக்கு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று மதியம் நான்தான் அவருக்கு ஃபோன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க இந்த மனுஷன் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரை ஊமைக்கோட்டான் என்று கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"யாரோ இல்ல, நான்தான்" என்றேன். "சாப்பிட எப்ப வருவீங்கன்னு கேக்கத்தான் அடிச்சேன்."

நாத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி அண்ணி. மூணு பேருமா தூக்கினோம்னு வெச்சுக்கலாம். கொஞ்சம் தள்ளுங்க, இன்னொரு தடவ வாசிக்கணும்."

சனிக்கிழமை ஹோட்டலில் கடைசி மேஜையில் உட்கார்ந்தோம். மெதுவான பாட்டை அவள்தான் வாசித்தாள். இவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.