நான் எழுதாமல் விட்ட பெயர்

எட்டு வருடங்களுக்கு முன், ராயபுரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

அப்பாவுக்கு மேட்டூரிலிருந்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு மாற்றல் வந்ததால், அந்த ஜூன் மாதம்தான் திருவொற்றியூருக்குக் குடிவந்திருந்தோம். வகுப்பில் எல்லாரும் ஆறாவதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் நாலு நாலு பேராக வட்டம் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். நான் எந்த வட்டத்திலும் இல்லை. என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு வார்த்தையை இரண்டு முறை சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

எனக்கு ஆறுதலாக இருந்தது கணக்கு மிஸ் அறிவிப்புப் பலகையில் குத்திவைக்கும் ஒரு தாள்தான். திங்கள்கிழமைதோறும் ஒரு போட்டிக் கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள் விடை எழுதிக் கொடுக்கலாம். பாடப்புத்தகக் கணக்கில் எந்த சூத்திரம் என்று முதலிலேயே தெரிந்துவிடும். இதில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. நாலு நாள் தனியாக அதோடு உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று பஸ் நகராமல் போனால் மற்றவர்கள் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வருவேன்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் காசிமேட்டுப் பெண். அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். காலையில் அம்மாவோடு துறைமுகத்தில் மீன் கூடை தூக்கிவிட்டு வருவதால் பாதி நாள் அவள் தாமதமாகத்தான் வருவாள். சேர்ந்து ஒரு மாதம் கழித்து ஒருநாள், என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "இன்னாடி, தெனமும் லெமன் சோறா?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கேட்காமலே அதில் நெத்திலி வறுவலை அள்ளி வைத்தாள். அன்றிலிருந்து சேர்ந்து சாப்பிட்டோம். அந்தப் பள்ளியில் என்னோடு பேசியவள் அவள் ஒருத்திதான்.

நான் திங்கள்கிழமைக் கணக்கை எழுதிப் பார்க்கும்போது அவளும் எட்டிப் பார்ப்பாள். ஏதாவது சொல்வாள். ஆனால் எழுதித் தரமாட்டாள். எழுதுவதென்றால் பேஜார் என்பாள். அவள் சொல்வதை நான் அரட்டை என்றே எடுத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், என் பெயரில் சரியாகப் போன சில விடைகள் அந்த அரட்டையிலிருந்துதான் வந்திருக்கின்றன.

அந்த வருடம் மாநில அளவில் ஒரு கணக்குப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒருவரை அனுப்பலாம் என்று மிஸ் சொன்னார். அடுத்த மூன்று கணக்குகளையும் யார் நன்றாகப் போடுகிறார்களோ அவர் போகலாம். முதல் இரண்டையும் போட்டுவிட்டேன். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

கணக்கு இதுதான். இருபத்தைந்து ஆண்களும் இருபத்தைந்து பெண்களும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படி மாற்றி மாற்றி உட்கார்ந்தாலும், இரண்டு பக்கமும் பெண்களே இருக்கும்படி ஒருவராவது அங்கே இருப்பார் என்று நிரூபிக்க வேண்டும்.

நோட்டு முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டேன். எப்படிப் போட்டாலும் அப்படி ஒருவர் வந்துவிடுகிறார். ஏன் வருகிறார் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. ஆயிரம் வட்டம் போட்டுக் காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் என் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "ஒருத்தருக்கு இந்தாண்ட ஒருத்தி, அந்தாண்ட ஒருத்தின்னா, அவங்க ரெண்டு பேரும் ஒண்ணு வுட்டு ஒண்ணுதான குந்திக்கினு கீறாங்க? அப்போ ஒண்ணு வுட்டு ஒண்ணா பிரிச்சிப் பாரேன்." சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஐம்பது நாற்காலிகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்தால் இருபத்தைந்து இருபத்தைந்தாக இரண்டு வட்டம். பெண்கள் இருபத்தைந்து பேர் என்பதால் ஏதாவது ஒரு வட்டத்தில் பதின்மூன்று பேராவது வந்தாக வேண்டும். இருபத்தைந்து நாற்காலி வட்டத்தில் பதின்மூன்று பேரை ஒட்டாமல் உட்காரவைக்க முடியாது. எங்கோ இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வருவார்கள். பழைய மேசையில் அவர்களுக்கு நடுவில் இருப்பவர்தான் நாம் தேடும் ஆள். அவ்வளவுதான் கணக்கு.

அன்று மாலையே இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதினேன். மேலே என் பெயர், வகுப்பு, பிரிவு. அவள் பெயரையும் எழுதலாமா என்று பேனா நின்றது நன்றாக நினைவிருக்கிறது. அவள் சொன்னது ஒரே ஒரு வரி, இந்த இரண்டு பக்கமும் நான் எழுதியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டிக்கு ஒருவர்தான் போக முடியும் என்பதும் மனசில் இருந்தது.

திங்கட்கிழமை மிஸ் என் தாளை வகுப்பில் படித்துக் காட்டினார். பல வருடங்களாக இந்தக் கணக்கைப் பலகையில் போடுவதாகவும், இவ்வளவு சுருக்கமாக யாரும் போட்டதில்லை என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீயே யோசிச்சதாம்மா?"

"ஆமாம் மிஸ்" என்றேன்.

மேசையில் என் கையோடு ஒட்டியிருந்த அவள் முழங்கை மெதுவாக விலகியது. அன்று மத்தியானம் அவள் தன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு வட்டத்துக்குப் போனாள். மறுநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு கல்லூரியில். அப்பா கூட்டிப்போய் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த பிள்ளைகள் பலர் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒரே இடத்தில் பயிற்சிக்குப் போகிறவர்கள். மூன்று மணி நேரம், ஆறு கணக்கு. ஒன்று போட்டேன். இன்னொன்றில் பாதி. நாலாவதை இரண்டு முறை படித்துவிட்டு, பழக்கத்தில், அவள் உட்கார்ந்திருந்த இடது பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே யாரோ ஒருவர் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். மீதி நேரம் முழுக்க வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அப்பா, தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் ஆசிரியர் அறைக்குப் போய் மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உன்னைப் பற்றி நான் இப்படி நினைக்கவில்லை என்றார்.

மாலையில் வழி கேட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அடுக்குக் குடியிருப்பின் கீழே பைப்பில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன் என்றேன். தெரியும் என்பது போலத் தலையாட்டினாள். நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்ததைப் பைப்பின் கீழே வைத்தாள்.

"நானு போட்டிக்குப் போவணும்னுலாம் ஒண்ணியும் இல்லடி. மிஸ் கேட்டப்போ எம்மூஞ்ச ஒரு தபா பாப்பேன்னு நெனச்சேன். நீ பாக்கல."

மன்னித்துவிடு என்று சொன்னேன். "வுடு" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், திரும்பி நின்று, அங்கே என்ன கணக்கு கொடுத்தார்கள் என்று கேட்டாள். வினாத்தாள் என் பையில் இருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். அடுத்த குடம் நிறைந்து வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. நான்தான் பைப்பை மூடினேன். கடைசியில், தாளை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொடுத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். மேலே வா என்று கூப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு விடை இருந்தது. போட்டியில் வந்த நாலாவது கணக்கு. கோணல் எழுத்து, அடித்தல் திருத்தல், எல்லாவற்றோடும் மிஸ் அப்படியே குத்தியிருந்தார். மேலே அவள் பெயர் பெரிதாக இருந்தது. மூன்று முறை படித்தேன். நடுவில் ஒரு படி இருந்தது, நான் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கமாட்டேன். இது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவள் வராந்தாவின் அந்த முனையில் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடம் மிஸ் அவளை அனுப்பினார். முதல் சுற்றில் தேறிவிட்டாள் என்று பிரேயரில் அறிவித்தார்கள். வரிசையில் நின்று எல்லாரோடும் கைதட்டினேன். அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எதிரில் பார்த்தால், "நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஆனால் என் பெஞ்சுக்குத் திரும்பி வரவில்லை. பன்னிரண்டாவது முடியும் வரை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

பிறகு அவள் கல்லூரியில் கணக்கே எடுத்துப் படித்ததாகக் கேள்விப்பட்டேன். நான் இப்போது அம்பத்தூரில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் அந்த மாதிரிக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவேன். எப்போதாவது ஒன்றுக்கு விடை கிடைக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இதைப் பாரேன்' என்று காட்டப் பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் அது முழுச் சந்தோஷம் என்பதை, அப்படி இருந்த ஒருத்தியை இழந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.