நடுங்கிய ஈஸ்டர் பாட்டு

என் தொழிலில் வியாதி முதலில் காதுக்குத்தான் வரும்: கிணற்றுக்குள் புறா இறக்கை அடிக்கிற மாதிரி ஒரு படபடப்பு, அதற்கு அடியில் மனுஷக் குரல். அம்மாபேட்டையில் இருபது வருஷமாக ரேடியோ ரிப்பேர் செய்கிறேன். தூரத்து நிலையங்கள் பொழுது சாய்ந்தால்தான் எடுக்கும் என்பதால் வேலை ராத்திரியில். யாரிடமும் படிக்கவில்லை, பிரித்துப் பிரித்துக் கற்றது. என்னைப்போல் எல்லாப் பழியையும் ரேடியோவின் கண்ணாடி வால்வின் மேல் போட்ட சகாக்களுக்கு இதை எழுதுகிறேன்.

பங்குனிப் பேய்

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் பங்குனியில் ரேடியோ கொண்டுவந்தார். பகலில் சுத்தமாகப் பாடும். விளக்கு வைத்து ஒரு மணி நேரமானால் நடுங்கும். வால்வை மாற்றினேன். திரும்பக் கொண்டுவந்தார். கண்டென்சரை மாற்றினேன். மூன்றாம் முறை பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, இதைப் பூசாரிகிட்டக் கொண்டு போயிருக்கலாமுங்க. ராத்திரி மட்டுந்தானுங்க ஆடுது.”

ஒரு சரணம்

அதே பங்குனிக் கடைசியில் ஈஸ்டர். எங்கள் தெரு லூர்துமேரி டீச்சரின் மகன் சிங்கப்பூர் போய் நாலு வருஷம். அன்று ராத்திரி அங்கிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பில் கோவில் பாடகர் குழுவோடு பாடுவதாக எழுதியிருந்தான். ஒரு சரணம் அவன் தனியாக. டீச்சர் வீட்டில் ரேடியோ கிடையாது. என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பாட்டு வந்தது, படபடப்போடு. ரிப்பேர்காரன் ரேடியோவே இப்படியா என்று எனக்கு மானம் போயிற்று. ஒரு நிமிஷம் என்று சொல்லி அணைத்து, வால்வைப் பிடுங்கிப் புதியதைச் செருகினேன். அது சூடேறி வாய் திறந்தபோது, அதே நடுக்கத்தோடு யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நடுங்கினாலும் அவன் குரல்தானே தம்பி. அப்படியே விட்டிருக்கலாமே.”

காலண்டர்

அப்புறம் நடுங்கிய ராத்திரிகளைக் காலண்டரில் சுழி போட்டு வந்தேன். பங்குனி, சித்திரை, பிறகு புரட்டாசி, ஐப்பசி. ஆறேழு வருஷத்தில் சுழிகள் குறைந்தன. ஆனி, ஆடியில் நடுச்சாமத்துக்கு மேல் எப்போதாவது ஒன்று. என் கை தேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ரேடியோ கொடுக்க வந்த கல்லூரி பௌதிக வாத்தியார் அந்தக் காலண்டர்களைப் புரட்டிவிட்டு விளக்கினார். ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிற மின் அடுக்கு ஒன்று மேல்வானத்தில் இருக்கிறதாம். பொழுது சாய்ந்ததும் அது திட்டுத் திட்டாகக் குலையுமாம். பகலும் இரவும் சமமாகிற மாதங்களில், அதிலும் சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் வருஷங்களில், குலைவு அதிகம். புள்ளிகள் குறைகிற வருஷங்களில் இதுவும் அடங்கும், பதினோரு வருஷச் சுற்றில் திரும்பவும் வரும். “கெட்டது வானமுங்க. நீங்க எத்தனை நல்ல வால்வைப் பிடுங்கிப் போட்டீங்களோ” என்று சிரித்தார்.

நான் எண்ணியது ஒரே ஒரு வால்வைத்தான். அன்று மாலையே டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரி தம்பி. அவன்தான் அதுக்கப்புறம் பாடறதையே விட்டுட்டான்.”

சூரியனுக்கு வந்த கோளாறுக்கு என் மேஜைமேல் வைத்தியம் பார்த்ததுதான் என் தொழில் சரித்திரம். இந்தப் பங்குனியில் நடுக்கம் திரும்பி வந்திருக்கிறது, ரேடியோவை அப்படியே பாடவிட்டு, யாருடைய பெட்டியிலோ டயல் முள்ளை நகர்த்தும் அறுந்துபோன நூலைக் கோத்துக்கொண்டிருக்கிறேன்.