மூன்று பஸ் மாறினால் சேலம்

என் மச்சினன் வீட்டில் இரண்டு சமையலறைகள் இருக்கின்றன. ஒன்றில் சமைப்பார்கள், இன்னொன்றைக் காட்டுவார்கள். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி இரண்டு வைத்திருக்கிறான். ஊர் ஊராகப் போய் ஆயிரம் அடி துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன். புதுமனை புகுவிழாவன்று அந்தக் காட்டும் சமையலறையில் தாகத்துக்குக் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"அதுக்கு இன்னும் கனெக்சன் குடுக்கலீங்க மச்சான்" என்றான். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னான். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியும், தொட்டால் எரிகிற அடுப்பும், தண்ணீர் வராத குழாயும். கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே அவன் பெண்டாட்டி வியர்த்து வடிய வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாப்பிட்ட வடை நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மாதிரி ஆட்களுக்கு நடுவில்தான் நான் வருஷத்துக்கு ஒரே ஒரு தொகையில் குடும்பம் நடத்துகிறேன். தொகை எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். சொன்னால், நீங்கள் பையன் பிறந்தநாளுக்குச் செலவழித்ததை நினைத்துப் பார்த்துச் சிரிப்பீர்கள். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் இருபத்து மூன்று வருஷம் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு கத்தியவன் நான். லோடு கிடைத்தால் முதலாளி சிரிப்பார், கிடைக்காவிட்டால் என்னைத் திட்டுவார். ஒருநாள் காது வலித்தது. டாக்டர் மருந்து எழுதினார். நான் ராஜினாமா எழுதினேன்.

நாமகிரிப்பேட்டை ஓரத்தில் சொந்தமாக இரண்டு அறை வீடு. மஞ்சளும் மரவள்ளியும் போட ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். குத்தகைப் பணம் தை மாதத்தில் ஒருமுறை வரும். அடுத்த தை வரை அதுதான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே பேச்சுமில்லை.

நான் வேலையை விட்டு இப்படி வாழ ஒத்துக்கொண்டபோது என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வருசா வருசம் பொங்கல் நோம்பி கழிஞ்ச மக்யா நாளு என்னையக் கேக்கோணும். நான் சரின்னாத்தான் அடுத்த வருசம். முடியாதுன்னா நீங்க மறுபடியும் போன் எடுக்கப் போயிரோணும்." சரி என்றேன். முதல் வருஷம் பொங்கலுக்கு மறுநாள் கேட்டபோது சிரித்துக்கொண்டே "ஆகட்டுங்க" என்றாள். இரண்டாம் வருஷம் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள். மூன்றாம் வருஷம் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். நான் அந்தக் கொஞ்ச நேரத்தைக் கவனிக்கவில்லை. ஜெயித்தவன் எதைத்தான் கவனிக்கிறான்?

என் சந்தோஷங்களைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் நூலகத்தில் எல்லாச் செய்தித்தாள்களும் இலவசம். பத்து மணிக்குக் குத்தகைக்காரர் கிணற்றில் ஒரு மணி நேரம் நீச்சல். மாசியில் ஊரெல்லாம் மஞ்சள் வேகவைக்கும்போது வருகிற அந்தப் பச்சை வாசனைக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை. சாயங்காலம் ஒரு டீயுடன் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கொல்லிமலைமேல் மேகம் ஏறி இறங்குவது முழுதாகத் தெரியும். பெங்களூரிலிருந்து காரில் வந்து, மலைமேல் ரூம் போட்டு, காசு கொடுத்து அதே மேகத்துக்குள் உட்கார்ந்து எதுவும் தெரியவில்லை என்று புலம்பிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்கூட வருவதில்லை.

என் மூளையின் உச்சம் என்று நான் நினைத்தது வேறு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. எனக்கு உண்டு. ஆகவே வெளி வேலை எல்லாவற்றுக்கும் அவளையே அனுப்புவது என்று ஏற்பாடு. ரேஷன், கரண்ட் பில், கல்யாணம், காரியம், எல்லாம் அவள். இதெல்லாம் சாதாரணம். வருஷச் சாமான் இருக்கிறதே, அதில்தான் என் சாமர்த்தியம். புளி, மிளகாய், துவரம்பருப்பு, மல்லி எல்லாம் வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வாங்கிவிடுவோம். சேலத்துக்கு நேராகப் போகிற பஸ் டவுன் பஸ் அல்ல, அதில் அவளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். நான் உட்கார்ந்து யோசித்தேன். ராசிபுரம் வரை ஒரு டவுன் பஸ், அங்கிருந்து மல்லூருக்கு ஒன்று, மல்லூரிலிருந்து சேலத்துக்கு ஒன்று. மூன்று பஸ் மாறினால் பைசா செலவில்லாமல் போய் வந்துவிடலாம். இதை நூலகத்தில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். நாலு பேரும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். படிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

போன மார்கழியில் சேலத்திலிருந்து எளிய வாழ்க்கை பற்றி வீடியோ போடுகிறவர் ஒருவர் வந்தார். எங்கள் வீட்டு வாசல் அளவுக்கு ஒரு கார். கூட கேமரா பிடிக்க ஒருவர். வந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், எளிமைக்கு இடைஞ்சலாம். மிக்சியை ஒரு துண்டு போட்டு மூடினார். என் சட்டை நன்றாக இருக்கிறது என்று குறைப்பட்டு, கிழிந்தது ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். "கிழிஞ்சா தெச்சுக்குவோமுங்க" என்றாள் என் மனைவி. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

நான் ஒரு மணி நேரம் பேசினேன். நூலகம், கிணறு, மேகம், மூன்று பஸ். இதற்காக இரண்டு நாள் மனப்பாடம் செய்திருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் நஷ்டமில்லை. அடுத்தவன் பகட்டைக் கேலி செய்கிறவனுக்குக் கேமரா வந்தால் எப்படி நாக்கு ஊறுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் வீடியோக்காரர் கேமராவை அவள் பக்கம் திருப்பச் சொல்லி, "அம்மா, இந்த வாழ்க்கையில நீங்க எதையாவது இழந்த மாதிரி இருக்குதா?" என்று கேட்டார்.

"கொறை ஒண்ணும் இல்லீங்க. சோறு இருக்குது, ஊடு இருக்குது" என்றாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சமையலுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "இவிய கூட ஒரு பஸ்ஸுல ஒக்காந்து எங்கியாச்சும் போயி மூணு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. எனக்குப் பஸ்ஸு சும்மாதான் பாருங்க, அதனால நானே போயிட்டு வாரேன். போற பக்கமெல்லாம் உங்கூட்டுக்காரரு வல்லியான்னு கேக்கறாங்க. பஸ்ஸுக்குக் காசு குடுக்கோணுமின்னு வல்லீன்னு சொல்ல முடியுங்களா? ஒடம்பு செரியில்லீன்னு சொல்லிருவேன். மூணு வருசமா இவியளுக்கு நான் ஒரு சீக்கு வெச்சிருக்கறேனுங்க."

கேமராக்காரர் சிரித்துவிட்டார்.

வீடியோ வந்தபோது அந்த இடத்தைக் காணோம். வெட்டிவிட்டு, அந்த இடத்தில் புல்லாங்குழல் போட்டு, கொல்லிமலையைக் காட்டியிருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். ஐயா ஞானி, ஐயா காலில் விழ வேண்டும், இப்படியெல்லாம். எந்த ஊரில் எந்த ஏசி அறையில் படுத்துக்கொண்டு எழுதினார்களோ. மச்சினனும் போன் செய்தான். "சூப்பருங்க மச்சான்! எங்கூட்டு டிவியில பெரிசாப் போட்டுப் பாத்தோமுங்க." அவன் குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவனைக் கேலி செய்ய வாய் வரவில்லை. வெட்டப்பட்டது என்ன என்று தெரிந்த ஆள் நான்.

பொங்கல் நோம்பி முடிந்தது. மறுநாள் வழக்கம்போல, "ஏம்புள்ள, இன்னொரு வருசம்?" என்று கேட்டேன்.

அவள் புளிப்பானையைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இருங்க. செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

இது புதிது. இரவு முழுக்க எனக்கு அந்த புக்கிங் ஆபீஸ் போன் மணி கேட்டுக்கொண்டே இருந்தது. விடிந்ததும், "நானும் வாரேன்" என்றேன். அவள் இரண்டு கட்டைப் பைகளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

ஊர் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நான் போய் நின்றதும் எல்லோரும் நகர்ந்து என்னை முன்னால் விட்டார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். "பொம்பளைங்க மட்டும் நின்னா செல டிரைவரு நிறுத்தாமப் போயிருவாங்க. ஆம்பள ஒருத்தரு முன்னால நின்னா நிக்கும்" என்றாள் என் மனைவி. மூன்று வருஷமாக எத்தனை பஸ் நிற்காமல் போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஏறியதும் ஒரு அம்மாள் குதித்து எழுந்தார். "ஏனக்கா, இவுங்கதான் உங்கூட்டுக்காரரா? முட்டி வலி தேவலீங்களா? ஒக்காருங்க, ஒக்காருங்க." என் முழங்கால் தினமும் கிணற்றில் குதிக்கிற முழங்கால். உட்கார்ந்தேன். மல்லூர் பஸ்ஸில் கேட்டவர்களிடம் எனக்குத் தலைசுற்றல் என்றாள். ஜன்னலோரம் கொடுத்தார்கள், ஒருவர் எலுமிச்சம்பழம்கூட எடுத்துக் கொடுத்தார். சேலம் பஸ்ஸில் என் வியாதி நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. "ஹார்ட்டுக்காரரு, கூட்டத்துல நெருக்காதீங்க" என்று கண்டக்டரே குரல் கொடுத்தார். பஸ்ஸுக்கு ஒரு வியாதியாக என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். மூன்று பஸ்ஸிலும் எனக்கு இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை.

மண்டியில் புளியைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்து, பருப்பைக் கையில் அள்ளி ஊதி, மிளகாய்க் காம்பை உடைத்து, கடைக்காரரிடம் மல்லுக்கு நின்று வாங்கினாள். அங்கே எனக்கு வேலை இல்லை. பைகளைத் தூக்கலாம் என்று குனிந்தேன். கடைக்காரர் பதறிப்போனார். "ஐயா, நீங்க எடுக்கப்படாது. அம்மா எல்லாம் சொல்லியிருக்காங்க." அங்கேயும் சொல்லிவைத்திருந்தாள். நான் கை வீசிக்கொண்டு நடக்க, அவள் ஒரு பையைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஆட்டோக்களுக்கு நடுவில் நடந்தாள். வருஷா வருஷம் சமையலறை மூலைக்கு வந்து சேர்கிற அந்தப் பைகள் இந்தத் தெருவைத் தாண்டித்தான் வருகின்றன என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மச்சினனாவது தண்ணீர் வராத குழாயைத்தான் வைத்திருந்தான். நான் காட்டுவதற்கு எளிமையும், அதைச் சுமக்க ஒரு மனுஷியும் வைத்திருந்தேன்.

திரும்பும்போது முதல் பஸ்ஸில் எனக்கு இடம், அவள் பைகளைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றாள். பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏம்புள்ள, இன்னொரு வருசம்?"

"இன்னும் ரெண்டு பஸ்ஸு மாறோணுமுங்க" என்றாள். "எறங்குங்க மொதல்ல."

மல்லூரில் இறங்கினோம். நான் இரண்டு பைகளையும் பிடுங்கித் தோளில் ஏற்றினேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. பின்னால் இறங்கிய ஒரு அம்மாள் கத்தினார். "அய்யோ, ஹார்ட்டுக்காரரு! ஏக்கா, அவரு தூக்கறாரு பாருங்க!"

நிறுத்தம் முழுதும் திரும்பிப் பார்த்தது. என் மனைவி அடுத்த வியாதிக்கு வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. பஸ் காசு மிச்சம் பண்றதுக்கோசரம் மூணு வருசமா இவளையவே அனுப்பினேனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மச்சினனைப் பார்க்கிற பார்வை அது. அதன் ருசி எப்படி என்று அப்போது தெரிந்தது.

ராசிபுரம் பஸ் வந்தது. நான் முன்னால் நின்றேன், நின்றது. எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்டக்டர் வழக்கப்படி அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சட்டைப் பைக்குப் போன என் கையை அவள் நிறுத்தினாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து சில்லறையை எடுத்து நீட்டினாள்.

"இவியளுக்கு ஒண்ணு குடுங்க. அடுத்த வருசமும் இவிய வருவாங்க."