தங்கை வீட்டு அளவு

என் பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து கொடுத்ததும் இவள்தான். அந்தத் தங்கை மேல் பாசம் உண்டு. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பொறாமையும் உண்டு.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்ததும் பொறாமை முற்றியது. தங்கை தன் வாசலில் பளபளவென்று அலுமினியச் சாய்தளம் போட்டாள். அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். இவள் வீட்டில் மூன்று படி.

"என் கையால சாப்பிட்டு வளர்ந்தவ, இன்னைக்கு அம்மாவையே கொத்திக்கிட்டுப் போயிட்டாக்கா" என்று என்னிடம் வந்து பொருமினாள். "அம்மா வாயத் திறந்தா சின்னவ வீடு, சின்னவ வாசல். வயிறு எரியுது."

அடுத்த வாரமே இவள் வாசலிலும் ஒரு சாய்தளம் வந்து இறங்கியது. தங்கை டீ போட உள்ளே போன நேரத்தில், இவள் தன் கழுத்தில் கிடந்த டேப்பால் அவள் வீட்டுச் சாய்தளத்தை அளந்து வந்து செய்யச் சொன்னது. ஆறடி. இம்மி பிசகவில்லை.

"நாளைக்கே அம்மாவக் கூட்டிட்டு வரேன்."

நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி எடுத்து இருபது வருடம் வேலை பார்த்தவள் நான். அது நின்ற செங்குத்தைப் பார்த்ததுமே அவளைத் தடுத்தேன்.

"முதல்ல தண்ணி கேனைக் கூட்டிட்டு வா" என்றேன்.

வேலைக்காக நான் வைத்திருந்த பழைய சக்கர நாற்காலியில் இரண்டு கேன் நிரப்பி வைத்து, பெல்ட்டும் போட்டேன். அவள் தள்ளினாள். பாதி வழியில் முன்சக்கரம் மேலே தூக்கியது. நாற்காலி அப்படியே அவள் மேல் சரிந்தது. நான் பின்னால் தயாராக நின்றதால் இருவருமாகப் பிடித்து இறக்கினோம்.

"அந்தக் கேன்தான் உங்கம்மா" என்றேன்.

"அவ வீட்ல மட்டும் எப்படி ஏறுது?"

"அவ வாசல் ஆறு அங்குல உயரம். அங்குலத்துக்கு ஒரு அடி நீளம் வேணும், அவளுக்கு ஆறடி போதும். உன்னோடது பதினெட்டு அங்குலம். ஏண்டி, ஒருத்தி அளவுக்கு இன்னொருத்திக்குச் சட்டை வெட்டுவியா?"

டேப்பைக் கையில் சுருட்டியபடி உட்கார்ந்துவிட்டாள். முணுமுணுத்தாள்: "ஒரே படிதானா அவளுக்கு? அதுலயும் கொடுத்து வச்சவ."

கொத்தனார் வந்தார். நேராகப் பதினெட்டடி போட முற்றத்தில் இடமில்லை. ஒன்பதடி ஏறி, நாற்காலி திரும்பச் சமதளம், மறுபடி ஒன்பதடி. வழுக்காத சொரசொரப்பான தரை, சக்கரம் விலகாமலிருக்க ஓரத்தில் சிறு கரை, இருபக்கமும் கைப்பிடி. துணி காயப்போடும் கம்பியை எடுக்க வேண்டி வந்தது. அதை அவளே அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள்.

அம்மா வந்தாள். தையல்காரி தனியாளாகத் தள்ளினாள், மூச்சு வாங்கவில்லை. மேலே வந்ததும் அம்மா கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"சின்னவ வீட்ல இது இல்லடி. அவளையும் வந்து பாத்து, இதே மாதிரி போடச் சொல்லு."

தையல்காரி நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

"அவளுக்கு எதுக்கும்மா இவ்வளவு? ஒரே படிதான."