பிரேக்கில் இருந்த கால்

இதைப் படித்துவிட்டு, "மெக்கானிக் நல்லாத்தான் ரீல் சுத்துறான்" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் அந்த மழை நாளில் பட்டப்பகலிலும், மறுநாள் சாயங்காலமும் என் பட்டறையில் நடந்தது நடந்ததுதான். என் மனைவி சாட்சி. இன்னும் இரண்டு பேர் சாட்சி. ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அந்தக் கார் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இழுவை வண்டியில், தார்ப்பாய் போர்த்தி வந்தது. பாயை எடுத்ததும் எனக்கு வாயெல்லாம் பல். ஜப்பான்காரன் நாற்பது வருடத்துக்கு முன்னால் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. தாழ்ந்த மூக்கு. சுவிட்சைத் தட்டினால் இமை திறந்ததுபோல் எழும்பும் முன்விளக்குகள். பின்பக்கம் அப்படியே அழகு. முன்பக்கம்தான் பார்க்க முடியவில்லை. அப்பளமாக நொறுங்கியிருந்தது.

கொண்டுவந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். ஒல்லியான மனுஷன், சட்டைப்பையில் இரண்டு பேனா.

"முழுசா பழையபடி ஆக்கணும். எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்ல" என்றார்.

"யார் சார் ஓட்டினது?"

"பாப்பா. எங்க பொண்ணு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

கேட்டுக்கு வெளியே நின்றிருந்த அவர் மனைவிதான் சொன்னார். பட்டறைக்குள் காலே வைக்கவில்லை அந்த அம்மா.

"அவ போயி மூணு வருஷம் ஆச்சு தம்பி. அவள முழுங்குன வண்டிக்கு இவரு அலங்காரம் பண்ணப் போறாராம்."

"வருத்தமா இருக்கும்மா" என்று எதையோ உளறினேன்.

"வருத்தம் எனக்கு எப்பவோ தீர்ந்துபோச்சு. கோபம்தான் இருக்கு. இறக்கத்துல வந்திருக்கா. பிரேக்ல காலே வைக்கலையாம். ரோட்டுல டயர் தேய்ஞ்ச கோடு ஒண்ணுகூட இல்லன்னு விசாரிச்சவங்களே சொன்னாங்க. சாகணும்னே ஓட்டியிருக்கா. எங்கள ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா கால் வச்சிருப்பா இல்ல?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெற்ற துக்கம், பாவம் என்றுதான் நான் நினைத்தேன்.

போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். "கழட்டுற பழைய சாமான் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க."

பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே... அந்தக் காருக்குப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கார்களைப் பாதியாக அறுத்து கன்டெய்னரில் இறக்கும் யார்டு ஒன்று உண்டு. அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். இடது மட்கார்டும் பானெட்டும் அங்கே கிடைத்தன. முன்விளக்கைத் தூக்கும் மோட்டாருக்கு, முகமே தெரியாத ஒரு ஜப்பான் கிழவரோடு மாதக்கணக்கில் மெசேஜில் மல்லுக்கட்டினேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. கடைசியில் மோட்டாரோடு ஒரு மிட்டாய் பாக்கெட்டும் வைத்து அனுப்பினார், மகராசன். பிரேக் மிதிக்குப் புது ரப்பர் உறைகூட அவர் அனுப்பியதுதான்.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கொலுசு தேடி அலைஞ்சதில்ல. இதுக்கு மட்டும் ஊர் ஊரா அலையுறீங்க" என்றாள் என் மனைவி. பட்டறையில் அவள்தான் எனக்கு வலது கை. போனும் அவளே, ஸ்பேனரும் அவளே.

வண்டி உருவம் பெற்றது. அப்போதுதான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

முதலில் சீட்.

நான் நெட்டையன். டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்துத்தான் வேலை செய்வேன். மறுநாள் காலையில் உட்காரப் போனால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். சீட் முன்னால் வந்திருக்கும். குட்டையான ஒருவர் உட்கார்ந்து ஓட்டுகிற அளவுக்கு.

"நீதானே தள்ளினே?" என்று மனைவியிடம் பாய்ந்தேன்.

"ஆமா, எனக்கு வேற வேலை வெட்டி இல்ல பாருங்க."

சீட்டின் பூட்டுப் பல் தேய்ந்திருக்கும் என்று கழற்றிப் பார்த்தேன். பல் கச்சிதமாக இருந்தது. மாட்டினேன். மறுநாள் மறுபடியும் முழங்கால் இடித்தது.

அடுத்தது அந்த ரப்பர் உறை. புத்தம் புதிது. நானே மாட்டியது. வண்டி இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்... உறையின் வரிகள் எல்லாம் மழுங்கி, வழவழவென்று தேய்ந்திருந்தன. பல வருடம் மிதித்ததுபோல.

கிழவர் பழசைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத்தான் திட்டினேன். பாவம்.

சரி, அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

அன்றைக்கு பிரேக் வேலை. மிதித்ததும் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, யார்டில் கிடைத்த நல்லதை மாட்டியிருந்தேன். அடுத்து ஏர் எடுக்க வேண்டும். பிரேக் குழாய்க்குள் காற்று நின்றால் மிதி பொசுக்கென்று உள்ளே போய்விடும். அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்போம்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, காற்றை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைத் திறக்க வேண்டும். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் காலை எடுக்காமல் அப்படியே பிடிக்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகு "விடு" என்றால்தான் விட வேண்டும். எங்களுக்கு இது பழகிய பாட்டு. முகம் பார்க்காமலே செய்வோம்.

மனைவி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் இடது சக்கரத்துக்கு அடியில் படுத்தேன். மணி மூன்றரை இருக்கும். தகரக் கூரையில் மழை சடசடவென்று அடித்தது. கத்தித்தான் பேச வேண்டும்.

"மிதி."

க்ரீக்... வண்டித் தகடு வழியாக, மிதி இறங்கும் சத்தம்.

"பிடி."

நிப்பிளைத் திறந்தேன். குமிழி குமிழியாக ஆயில், கீழே வைத்திருந்த பாட்டிலுக்குள் இறங்கியது. மூடினேன்.

"விடு."

மிதி மேலே வரும் சத்தம் இல்லை.

"விடுன்னு சொன்னேன்."

பதில் இல்லை. மழைதான்.

"ஏய், காதுல என்ன பஞ்சா? காலை எடு!"

மழைச் சத்தம் சட்டென்று நின்றது. மழை விட்டதால் இல்லை. வாசலில் தண்ணீர் கொட்டுவது எனக்குத் தெரிந்தது. ஆனால் காதில் விழவில்லை.

அப்போது மேலிருந்து குரல் வந்தது. மெலிசாக. மூச்சு வாங்க.

"மிதிச்சுட்டேதான் இருக்கேன்... நிக்க மாட்டேங்குதுப்பா..."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எரிச்சல் வந்தது. என் மனைவி ஒருநாளும் என்னை 'ப்பா' போட்டுப் பேசியதில்லை. அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"மழை நேரத்துல என்ன விளையாட்டு? எடு காலை!"

"எடுக்க மாட்டேன்... எடுத்தா மோதிடும்..."

அழுகை.

அடக்கி அடக்கி அழும் அழுகை.

காருக்கு அடியில் இருந்து பார்த்தால் தரை மட்டும் தெரியும். ஆபீஸ் அறையின் வாசல் தெரியும்.

அந்த வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன. நீலச் செருப்பு.

என் மனைவியின் செருப்பு.

"ஏங்க, போன் வந்துச்சுன்னு உள்ள போனேன். ஆரம்பிக்கலாமா?"

அப்படியென்றால் சீட்டில்...?

காருக்குள்ளே...

க்ரீக்.

மிதி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

எப்படி வெளியே உருண்டு வந்தேன் என்று தெரியாது. நெற்றியில் இடித்து ரத்தம். சீட்டில் யாரும் இல்லை. சீட் மட்டும் முன்னால் தள்ளியிருந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பாவங்க அந்தப் பொண்ணு" என்றாள். பயப்படுவதற்குப் பதில் அவள் அப்படிச் சொன்னது எனக்கு என்னவோ செய்தது. நானும் அப்போதுதான் அந்தக் குரல் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எடுத்தா மோதிடும்... எவ்வளவு நேரமாக மிதித்துக்கொண்டிருக்கிறாள்?

கழற்றி வைத்த பழைய மாஸ்டர் சிலிண்டரைத் தேடி எடுத்தேன். பிரித்தேன். உள்ளே இருக்கும் ரப்பர்கள் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பி, பிய்ந்து கிடந்தன. முகர்ந்தேன். ஸ்டியரிங் ஆயில் வாடை. பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் யாரோ ஸ்டியரிங் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அந்த எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறிப்போகும். சில நாள் தாங்கும். பிறகு ஒரு நாள் மிதி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. எத்தனை தடவை மிதித்தாலும் நிற்காது. ரோட்டில் கோடும் விழாது.

மறுநாள் காலையில் வாத்தியாருக்குப் போன் போட்டேன். "அம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

சாயங்காலம் வந்தார்கள். அந்த அம்மா அன்றும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். நான் ரப்பரை எடுத்துக்கொண்டு அங்கேயே போனேன்.

"அம்மா, பிரேக் வேலை செய்யல. உங்க பொண்ணு மேல தப்பில்ல. மிதிச்சிருக்காங்க."

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரப்பர் கெட்டுப்போனா அவ மிதிச்சான்னு அர்த்தமா? எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இவரு சொல்லிக் குடுத்தாரா?"

எனக்குப் பொறுமை கிடையாது. வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன்.

"யாரும் சொல்லித் தரலம்மா. நேத்து என் காதால கேட்டேன். 'மிதிச்சுட்டேதான் இருக்கேன், நிக்க மாட்டேங்குதுப்பா'ன்னு இந்தக் காருக்குள்ள இருந்து அழுதாங்க."

பின்னால் தொப்பென்று சத்தம். அடுக்கி வைத்திருந்த டயர்மேல் வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"அது... யாருக்குமே தெரியாதே" என்றார். "போன்ல எங்கிட்ட சொன்னது."

"எப்ப?" என்றார் அந்த அம்மா.

"அன்னிக்கு. மோதுறதுக்கு முன்னாடி. எனக்குத்தான் கூப்பிட்டா."

"மூணு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"அந்த வாரம் பிரேக் ஆயில் கொறஞ்சிருக்குன்னா. நான்தான் ஊத்தினேன். அவ செத்தப்புறம்தான் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தேன்."

இந்த மனுஷன் மேல் கோபப்படுவதா, கட்டிப்பிடித்து அழுவதா, தெரியவில்லை. மூன்று வருடமாகப் பெற்ற மகளைப் பெற்றவளே திட்டுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். வாய் திறந்தால் தன் கை தெரிந்துவிடும் என்று மூடியே இருந்திருக்கிறார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வேற ஏதாவது சொன்னாளா தம்பி? என்னைக் கேட்டாளா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லம்மா. எடுத்தா மோதிடும்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முதல் தடவையாக உள்ளே வந்தார். நேராகக் காருக்குப் போனார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். அதன் கண்ணாடி இறங்கியிருந்தது.

நானும் பின்னாலேயே வந்து காருக்குப் பின்பக்கம் நின்றேன்.

பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

பிரேக் விளக்கு எரியச் சாவி வேண்டாம். யாராவது மிதித்தால் போதும். ஆனால் மிதிக்க ஆள் வேண்டுமே...

டிரைவர் சீட்டில் ஒருவரும் இல்லை. கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது.

அந்த அம்மா காலிச் சீட்டின் பக்கம் திரும்பினார். கையை நீட்டி, காற்றில் எதையோ தடவினார். தலைமுடியை ஒதுக்கிவிடுவதுபோல.

"வண்டி நின்னுடுச்சுடா பாப்பா. அம்மா வந்துட்டேன் பாரு. நீ மிதிச்சே. எனக்குத் தெரியும். போதும் கண்ணு... கால் வலிக்கும்... எடுத்துடு."

எங்கும் சத்தமில்லை.

க்ரீக்.

இரண்டு சிவப்பு விளக்கும் அணைந்தன.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுதார். மூன்று வருட அழுகை. வாத்தியார் எழுந்து காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கதவைத் தொடக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. வெகுநேரம் கழித்து, உள்ளிருந்து கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவர் அந்த இடைவெளியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் என் மனைவியும் உள்ளே போய்விட்டோம். எங்களுக்கு அங்கே என்ன வேலை?

அவர்கள் போன பிறகு ஷட்டரை இறக்கப் போனேன். மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரேக் சுவிட்ச் சிக்கியிருக்கும். அதனால் விளக்கு எரிந்திருக்கும். தானாக விடுபட்டிருக்கும். பழைய வண்டிதானே.

அப்போது மனைவி ஆபீஸ் அறையிலிருந்து கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கார் பேட்டரியை நாளைக்கு மாட்டிக்கலாமா? இன்னும் சார்ஜ் ஏறல."

"எந்தப் பேட்டரி?"

"அந்தக் காரோடதுதான். நீங்க போன் பேசிட்டு இருந்தப்ப, காலையிலயே கழட்டி இங்க கொண்டுவந்து வச்சுட்டேனே. பார்க்கலையா?"

நான் பேசாமல் திரும்பிப் போய் பானெட்டைத் தூக்கினேன்.

பேட்டரி தட்டு காலி. இரண்டு ஒயரும் எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.